கொழும்பு நகரின் சோற்றுப் பொதி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உடல் நலத்துக்கு உகந்த உணவைப் பொதி செய்து விற்கும் கடையொன்றைத் திறக்க இன்று ஒருவர் எண்ணுவாரானால், அகப்பையைத் தொடுமுன்னரே அவர் எழுதுகோலைக் கையிலெடுக்கின்றார். நண்பகலிற் காலி வீதியால் எத்தனைபேர் நடக்கின்றனர், அவர்களுட் பொதி வாங்குவோர் எத்தனைபேர், எவ்வளவு பணம் கொடுக்க உடன்படுவர், தவிட்டரிசிச் சோற்றை விரும்புவரா, வெள்ளைச் சோற்றையே கேட்பரா என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொள்கின்றார். வணிகக் கல்வி பயின்றோர் இதனைச் சந்தை ஆய்வு என்பர். பெயர் புதியதேயாயினும், கொழும்பு மாநகரில் யார் எங்கே எதை உண்கின்றனர் என்ற விசாரணை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. அவ்விசாரணையைச் சில காலங்களிற் கடைக்காரர் நடத்தினர். சில காலங்களிற் சுகாதார அதிகாரிகளும் புள்ளிவிபரத் திணைக்களத்தாரும் நடத்தினர். வேறு சில காலங்களிற் பஞ்சமும் போரும் நடத்தின.

பொதிச் சோறு விலைப்படவேண்டுமாயின், வீட்டிற் சமைத்துண்ண இயலாத மக்கள் ஓரிடத்தில் திரண்டிருத்தல் வேண்டும். கொழும்பில் அத்தகைய மக்களைத் திரட்டியது துறைமுகமாகும். பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னராக விளங்கிய வேல்ஸ் இளவரசர் 1875ஆம் ஆண்டு டிசம்பரில் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் நாட்டினார். 1885இல் அச்சுவர் முடிவுற்றதும், அதுவரை காலித் துறையை நாடிய நீராவிக் கப்பல்கள் கொழும்பை நோக்கித் திரும்பின. கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றவும் அரிசி மூடைகளை இறக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். கொட்டாஞ்சேனையும் ஜிந்துப்பிட்டியும் முகத்துவாரமும் அவர்களால் நிறைந்தன. அவர்களுட் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஆடவர். செட்டியார் தெருவில் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களே. எனினும் அவர்கள் தத்தம் கிட்டங்கிகளிற் சமையற்காரரை அமர்த்திக் கூட்டாக உண்டனர். மூடை சுமந்தவனுக்குக் கிட்டங்கி இல்லை. அவனுக்குத் தெருவோரத்துச் சோற்றுக்கடையே அடுக்களையாயிற்று. நகரின் தென்புறத்தில், வெள்ளவத்தையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பு நெசவாலை எழுந்தபோது அங்கும் இதே நிலை தோன்றிற்று.

அடுத்து வந்தவர் மூடை சுமந்தவரல்லர், பேனா பிடித்தவர். கரையோரப் புகையிரதப் பாதை 1877இல் வெள்ளவத்தையைக் கடந்து சென்றது. வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைவரை முற்றுப்பெற்றது. அதன்பின் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர், எழுதுவினைஞர் பதவிகளை நாடி மெயில் வண்டியிற் கொழும்பு வந்திறங்கினர். ஐவர் அறுவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து ஒரு சமையற்காரனைக் கொண்டுவந்து, மாத முடிவிற் செலவைப் பங்கிட்டுக்கொண்டனர். இவ்வகை வீட்டை யாழ்ப்பாணத்தார் சமறி என்று அழைத்தனர். தனி ஆங்கிலேய உத்தியோகத்தர் கூடிவாழ்ந்த விடுதிக்கு வழங்கிய சொல்லே தமிழர் நாவிற் பட்டு இவ்வுருப் பெற்றது.

சமறியின் கணக்குப் புத்தகம் ஒரு நுணுக்கமான சந்தை ஆய்வு என்றே கூறலாம். தேங்காய் எத்தனை, மீன் எவ்வளவு, விருந்தினர் உண்ட நேரங்கள் எத்தனை என்று சதக்கணக்கில் அதில் எழுதப்பட்டிருக்கும். சமையற்காரன் ஊருக்குப் போன மாதத்திலோ, பங்காளிகளுள் இருவர் திருமணம் செய்து தனிவீடு புகுந்தபோதோ, எஞ்சியோர் கடைச் சாப்பாட்டுக்குத் திரும்பினர். இங்ஙனம் மாதச் சம்பளமும் சைவ நாவும் உடைய ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாயிற்று. அதை நம்பியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளிற் சைவ உணவுச்சாலைகள் தழைத்தன. பம்பலப்பிட்டியிலுள்ள சரஸ்வதி லொட்ஜ், சிறப்பரித் தோட்டத்துக் கிறீன்லான்ட்ஸ் ஹோட்டல் ஆகிய பெயர்கள் கொழும்புத் தமிழர் பல தலைமுறையினருக்குப் பழக்கமானவை. இவ்விடத்து மக்களின் நடமாட்டத்துக்கு ஆடிவேல் விழாவும் ஒரு காரணமாகும். 1874ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்விழாவில் வேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு, ஓராண்டு பம்பலப்பிட்டிக்கும் மற்றோராண்டு வெள்ளவத்தைக்குமாகச் செல்வது வழக்கம். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களும் சிற்றுண்டிக் கடைகளும் முளைத்தன. சிங்களவரும் முஸ்லிம்களும் தோசையையும் வடையையும் சுவைத்துப் பழகியதில் வேல் விழாவுக்குக் கணிசமான பங்குண்டு.

ஈண்டு ஒன்றைக் கூறாது விடுதல் தகாது. உணவை வெளியே எடுத்துச் சென்று உண்ணுதல் இன்று வசதியாகக் கருதப்படுகின்றது. தமிழர் சமூகத்தில் அதற்கு இழிவான ஒரு பழங்கதையும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர அநுமதிக்கப்படவில்லை. அவர்கள் வாசலிலோ கொல்லைப்புறத்திலோ நின்று, போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் வாங்கிக் குடிக்க நேர்ந்தது. அவர்களைப் பொறுத்தவரை வெளியே கொடுக்கப்பட்ட உணவு விரும்பிப் பெற்றதன்று. உள்ளே இடமில்லை என்பதன் அடையாளம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், உணவுச்சாலைகளிற் சாதி காரணமாக ஒருவரை மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தமாத்திரத்தே கதவுகள் திறக்கவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்தியே சில கதவுகளைத் திறப்பித்தனர். கொழும்பின் சோற்றுக்கடை இவ்வகையிற் சற்று மேம்பட்டது. முகம் அறியாத நகரத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்கிறார் என்று கேட்பார் குறைவு. யாழ்ப்பாணத்து இளைஞர் பலருக்குக் கொழும்பு வாழ்வு அளித்த விடுதலைகளுள், பக்கத்து இருக்கையைப் பற்றிக் கவலையின்றி உண்ணும் விடுதலையும் ஒன்று.

சுகாதாரம் பற்றிய விசாரணை கடைக்காரர் விருப்பத்தால் தொடங்கியதன்று. 1914ஆம் ஆண்டிற் கொழும்பில் கொள்ளைநோய் தோன்றிற்று. புறக்கோட்டையின் அரிசிக் கிட்டங்கிகளும் அவற்றை நாடிவந்த எலிகளும் அதற்கு இடமளித்தன. அரிசி எங்கே வைக்கப்படுகின்றது, யார் அதன் அருகே உறங்குகின்றார், கழிவு எங்கே கொட்டப்படுகின்றது என்று மாநகரசபை கதவு கதவாகச் சென்று கேட்கத் தொடங்கிற்று. சோற்றுக்கடை, தேநீர்க்கடை, வெதுப்பகம் ஆகியவற்றுக்கு விதிமுறைகள் வகுக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டமும் மாநகரசபைக்கு அளித்துள்ளது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கலப்படத்தையும் அசுத்தத்தையும் தண்டிக்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகையைச் சிறு கடைக்காரர் அஞ்சுவர். ஆயினும் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கடையை நம்பிப் பொதி வாங்குவதற்கு அவ்வச்சமும் ஒரு காரணமென்பதை அவர்கள் மறுக்கார்.

சுத்தமான உணவு வேறு, சத்தான உணவு வேறு. இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்தது அரிசியின் மூலமேயாகும். 1890களில் யாவாத்தீவின் பத்தாவியா நகரில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதையும், தவிடு சேர்ந்த அரிசி தின்றால் அது நீங்குவதையும் கண்டார். அதற்காக 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மலாயாவிற் பணியாற்றிய பிரட்டன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலிற் காட்டிய செய்தி தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, பக்கத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. காரணம் அவர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது உமியிலும் தவிட்டிலுமுள்ள சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகின்றது. யாதொரு விஞ்ஞானமும் பயிலாத கிழவிகள் பானையில் நெல்லவித்தபோது செய்தது இதுவே. கொழும்பின் கடைகளும் நெடுங்காலம் புழுங்கலரிசியையும் சிவப்பு நாட்டரிசியையும் சமைத்தன. வெள்ளைப் பச்சையரிசிச் சோறு அந்தஸ்தின் அறிகுறியானது பிற்காலத்திலேயாம்.

கடைகளை நடத்தியவருக்கும் அக்காலம் இலகுவாக இருக்கவில்லை. 1930களிற் பொருளாதார மந்தம் சூழ்ந்தபோது, மலையாளிகள் நடத்திய தேநீர்க்கடைகளுக்கு எதிராகக் கொழும்பிற் பகிஷ்கரிப்பு இயக்கம் எழுந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் யவாஹர்லால் நேரு இலங்கை வந்து சென்றதையொட்டி இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றிற்று. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு நீங்கினர். பர்மா யப்பானியர் கைப்பட்டதால் அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் அரிசி என்னும் சொற்றொடர் அப்போது வீட்டுக்குள் நுழைந்து, ஒரு தலைமுறைக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியோருள் கொழும்புக் கடைகளிற் சமைத்தவரும் பரிமாறியவரும் இருந்தனர்.

கொழும்பின் உணவைப் பற்றிய விசாரணைகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 1949-50ஆம் ஆண்டுகளில் நடந்த குடும்பச் செலவின ஆய்வாகும். கொழும்பு மாநகர எல்லைக்குள் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் 455 அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. அவை எப்பொருளுக்கு எவ்வளவு செலவிட்டன என்று எழுதப்பட்டது. நூறு ரூபாவில் உணவுக்கு 61.9 ரூபா, உடைக்கு 9.4, எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்கும் 4.3, வீட்டு வாடகைக்கு 5.7, ஏனையவற்றுக்கு 18.7 என்று கணக்கு முடிந்தது. 1952ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் இக்கணக்கின்மீது எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, நாட்டின் எத்தனையோ தொழிலாளரின் வாழ்க்கைச் செலவுப்படி அச்சுட்டெண்ணைப் பார்த்தே உயர்ந்தது. அவ்வளவு காலமும் நாட்டின் விலைவாசியை அளந்த கோல், 455 குடும்பங்களின் பானையும் பையுமே.

இவ்வெண்களிற் கவனிக்கத்தக்கது, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் உணவுக்குப் போன பின்பு எஞ்சியிருந்தது எவ்வளவு சொற்பம் என்பதாகும். அத்தகைய குடும்பத்திடம் சென்று, சத்துள்ள உணவு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வர். ஒரு சதம் கூடுதலாகக் கொடுப்பீரா என்று கேட்டால் விடை மாறிவிடும். விருப்பத்தைக் கேட்பது ஓர் ஆய்வு. செலவழித்ததைப் பார்ப்பது வேறோர் ஆய்வு. அக்காலத்துப் புள்ளிவிபர அதிகாரிகள் செலவழித்ததையே பார்த்தனர் என்பது அவர்கள் பெருமை. இலங்கை மத்திய வங்கி 1953இல் தொடங்கிய நுகர்வோர் நிதி அளவீடும் இவ்வழியிலேயே சென்றது.

அந்த 1953ஆம் ஆண்டே, ஒரு சதத்தின் பொருளை அரசாங்கத்துக்கு உணர்த்திய ஆண்டுமாகும். பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. அக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியின் விலையோடு விளையாடுதல் ஆபத்து என்பதைப் பின்வந்த ஆட்சியாளர் யாவரும் நினைவிற் கொண்டனர். பிள்ளைகளின் மதிய உணவு அவ்வளவாக நினைவிற் கொள்ளப்படவில்லை. வாக்கில்லாதவர் உணவு எப்போதும் கணக்கின் கடைசி வரியிலேயே நிற்கின்றது.

1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது, உணவுச்சாலைகளில் வாரத்தில் இரண்டு நாட்கள் சோறு பரிமாறலாகாதென்று அரசாங்கம் விதித்தது. அந்நாட்களில் மரவள்ளியும் வற்றாளையும் குரக்கன் பிட்டும் இலையில் வந்தன. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணத்து விவசாயி செழித்தான் என்பது வேறு கதை. இன்று உடல்நலக் கடைகளிற் சிறப்புணவாக விலைகூடி விற்கும் குரக்கன், அன்று வரிசையில் நின்றவருக்கு இல்லாமையின் சுவையாக இருந்தது. அக்கசப்பை உணர்ந்த முதியோர் இன்றும் குரக்கனைக் கண்டால் முகஞ்சுளிப்பதுண்டு. கடை திறக்க எண்ணுபவர் இளைஞரிடம் மாத்திரம் கேட்டறிந்தால் இச்செய்தி கிட்டாது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1980இல் திருகோணமலையிற் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா எங்கும் தாராளமாகக் கிடைத்தது. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. ஆயினும் பாணும் பறாட்டாவும் கொத்து ரொட்டியும் கொழும்பின் இரவுணவாயின. இதற்கு நாவின் சபலத்தை மாத்திரம் காரணங் கூறுதல் பொருந்தாது. சோற்றுக்கு மூன்று நான்கு கறி வேண்டும். ரொட்டிக்கு ஒரு குழம்பு போதும். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் ஆய்ந்து, கழுவி, மெல்லியதாக அரிந்து சுண்டுவதற்கு ஒருத்தியின் இரண்டு மணி நேரம் வேண்டும். மாவைப் பிசைந்து தட்டுவதற்கு அவ்வளவு வேண்டா. உடல்நல உணவின் விலையை ஏற்றுவது பொருளின் விலையைவிட அதற்கு வேண்டும் உழைப்பே. அவ்வுழைப்பு வீட்டில் நடந்தபோது யாரும் அதற்கு விலைபோடவில்லை. ஆகவே சந்தைக் கணக்கிலும் அது இடம்பெறவில்லை.

வெள்ளவத்தையின் வரலாற்றில் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தைக் கடந்து செல்லுதல் எவர்க்கும் இயலாது. காலி வீதியின் இருமருங்கும் தமிழர் கடைகள் தெரிந்தெடுத்து எரிக்கப்பட்டன. அவற்றுள் உணவுச்சாலைகளும் அடங்கும். உரிமையாளர் சிலர் இந்தியாவுக்கும் மேல்நாடுகளுக்கும் சென்றனர். சிலர் கரியைத் துடைத்து மறுபடி அடுப்பேற்றினர். அதன்பின் வடக்கிற் போர் முற்ற முற்ற, இடம்பெயர்ந்தோரும், வெளிநாடு செல்ல விசாவுக்குக் காத்திருந்தோரும் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து சேர்ந்தனர். லொட்ஜ் என்னும் விடுதிகளின் சிறு அறைகளில் அடுப்புக்கு இடமில்லை. பழைய சமறிக்காரரைப் போலவே அவர்களும் பொதிச் சோற்றையே நம்பினர். சமறிக்காரனுக்கு மாத முடிவிற் சம்பளம் உண்டு. காத்திருந்தவனுக்கு வெளிநாட்டுத் தம்பியின் பணமே உண்டு. இடியப்பமும் சொதியும் பொதி செய்து வீட்டிலிருந்தே விற்ற பெண்கள் பலர் தம் குடும்பங்களை அக்காலத்தில் தாங்கி நிறுத்தினர்.

பொதியின் உள்ளே இருப்பதைப் போலவே வெளியே சுற்றியிருப்பதற்கும் ஒரு வரலாறுண்டு. முன்னர்ச் சோறு வாட்டிய வாழையிலையில் வைக்கப்பட்டு, மேலே பத்திரிகைத் தாளாற் சுற்றப்பட்டு, நூலாற் கட்டப்பட்டது. இலையின் வாசனை சோற்றில் ஏறும். திறக்கும்போதே பசி கிளரும். பம்பாயில் 1890ஆம் ஆண்டளவில் தொடங்கிய டப்பாவாலாக்களின் அடுக்குப் பாத்திர முறையைப்போல், வீட்டுச் சாப்பாட்டைக் கரியரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுப்போர் கொழும்பிலும் இருந்தனர். பின்னர் லஞ்ச் சீட் எனப்படும் மெல்லிய பொலித்தீன் தாள் வந்தது. இலை கிழியும், இது கிழியாது; இலைக்குப் பருவமுண்டு, இதற்கில்லை. சுடுசோற்றை நேரே அதன்மேல் இடும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட், ரிஜிபோம் உணவுப்பெட்டி முதலியவற்றை அரசாங்கம் தடைசெய்தது. மீதொட்டமுல்லையில் மாண்டவர் ஏழைகள். நகரம் உண்டு எறிந்தவற்றை அவர்கள் தலையில் சுமக்க நேர்ந்தது. உடல்நல உணவுக்கடையை நடத்துபவர் பொதியின் தாளையும் உணவின் ஒரு கூறாகக் கணக்கிடவேண்டியிருப்பது இதனாலேயாம்.

நோயின் போக்கும் மாறிவிட்டது. கொள்ளைநோயும் பெரிபெரியும் அச்சுறுத்திய நாட்டில் இப்போது நீரிழிவும் இரத்த அழுத்தமும் அச்சுறுத்துகின்றன. வயது வந்தோருள் ஐவரில் ஒருவருக்கேனும் நீரிழிவு உண்டு என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன; கிராமத்தைவிட நகரத்தில் அது மிகுதி. குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆயின் சோற்றுப் பொதிக்கு நிறக் குறியீடு இல்லை. ஒரு பொதியில் இருவர் உண்ணத்தக்க சோறும், ஒருவிரல் அளவு கீரையும் இருப்பதை நீரிழிவு மருத்துவர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. கடைக்காரர் அதற்குத் தரும் மறுமொழியும் உண்மையே: சோற்றைக் குறைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இதற்கு மாற்று வழியொன்றை விவசாயத் திணைக்களம் காட்டியது. ஹெல போஜுன் என்னும் பெயரில் அது அமைத்த உணவுச்சாலைகளிற் கிராமத்துப் பெண்கள் உள்நாட்டுத் தானியங்களையும் கிழங்குகளையும் கீரைகளையும் கொண்டு, வாடிக்கையாளர் கண்முன்னே சமைத்து விற்கின்றனர். இலைக்கஞ்சியும் குரக்கன் ரொட்டியும் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கொழும்புக்கு அணித்தாகப் பத்தரமுல்லையிலும் ஒன்றுண்டு. போருக்குப் பின்னர் வட மாகாணத்தில் இதே அமைப்பு அம்மாச்சி உணவகம் என்று பெயர் பெற்றது. அம்மாச்சி என்பது தாயின் தாயைக் குறிக்கும் உறவுப் பெயர். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆகிய இடங்களில் இயங்கும் இவ்வுணவகங்களிற் கணவரைப் போரில் இழந்த பெண்களும் அடுப்படியில் நிற்கின்றனர். விற்பனை வருவாய் அவர்களைச் சேர்கின்றது. இடவாடகையின் பெரும்பாரம் இல்லாததே விலைக்குறைவின் இரகசியம். சென்னை மாநகராட்சி 2013 பெப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டிலி 1 ரூபாவுக்கும், சாம்பார் சாதம் 5 ரூபாவுக்கும், தயிர் சாதம் 3 ரூபாவுக்கும் விற்கப்பட்டன. அங்கே பாரத்தை மாநகராட்சி சுமந்தது. வெள்ளவத்தையிற் காலி வீதியோரம் கடை எடுப்பவருக்கு இவ்விரு சலுகைகளும் இல்லை. அங்கு தனியொருவர் அம்மாச்சியின் விலைக்கு விற்க முனைந்தால், முதல் மாத வாடகையே அவரை நிறுத்திவிடும்.

நஞ்சற்ற உணவு என்னும் நல்ல எண்ணமும் கணக்கின்றிச் செயற்பட்டால் எவ்வாறு முடியுமென்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி முற்றாகத் தடுக்கப்பட்டது. விவசாயிகளைக் கேட்டறிந்து படிப்படியாகச் செய்யவேண்டியது ஒரே கட்டளையிற் செய்யப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரிற் கட்டளை மீளப்பெறப்பட்டது. 2022இற் செலாவணி நெருக்கடி முற்றி, எரிவாயுச் சிலிண்டர் இன்றி நகரின் சிறு உணவுச்சாலைகள் பல பூட்டப்பட்டன. எஞ்சியவை விறகடுப்புக்குத் திரும்பின. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. பழைய 455 குடும்பங்களின் கணக்கிலிருந்து வழிவந்த சுட்டெண் அதுவே.

நெசவாலை நின்ற வெள்ளவத்தை நிலத்தில் இப்போது ஹவ்லொக் சிற்றியின் மாடிவீடுகள் உயர்ந்து நிற்கின்றன. அங்கு வாழ்வோர் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டிய பொதிக்கு மிகைவிலை கொடுக்கத் தயங்கார். கைத்தொலைபேசியிற் கட்டளையிட்டு வாசலுக்கே தருவித்துக்கொள்வர். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் வேலைக்குச் செல்பவர் காலை ஐந்தரை மணிக்கே பொதி தேடுகின்றார். மாலைவரை பசி தாங்கவேண்டுமென்பது அவர் கேட்கும் முதற் கேள்வி. 2023 யூலையிற் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று. ஆயின் விலை ஏறும் வேகமே குறைந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது. நீரிழிவு இவ்விரு சாராரையும் வேறுபாடின்றி நாடுகின்றது. இவர்கள் இருவரிடமும் ஒரே வினாத்தாளைக் கொண்டுசென்று, விடைகளைக் கூட்டிச் சராசரி காண்பவர் திறக்கும் கடைக்கு, மாடிவீட்டாரும் வாரார், துறைமுகத்தாரும் வாரார்.